61 என்ற எண் சரி, கத்தி சரியில்லை: ஒரு பட்டறையும் 43 கத்திகளும்

எதற்காக இந்தப் பதிவு

தனி ஆளாகக் கத்தி செய்து, ஆர்டரின் பேரில் விற்கும் ஒருவரின் பட்டறையில் நடந்தது இது. அவரும், முதலில் புகார் கொடுத்த வாடிக்கையாளரும் எழுதச் சம்மதித்தார்கள். பெயர், ஊர் எதுவும் இதில் கிடையாது. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நான் மற்றக் கத்திக்காரர்களுக்கு ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது எஃகைச் சூடாக்கி, தோய்த்து, பதப்படுத்தும் வேலை, செய்து கொடுப்பவன். விஷயம் முற்றிய பிறகு, சில்லு பெயர்ந்த கத்தியைப் பார்த்துச் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் நடந்தவற்றை அவருடைய நோட்டுகளிலிருந்தும், இரண்டு தரப்பும் காட்டிய செய்திகளிலிருந்தும் தொகுத்திருக்கிறேன்.

பின்னணி

பட்டறைக்காரர் முழுநேரமாக இந்தத் தொழிலுக்கு வந்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. செய்வது பெரும்பாலும் சமையலறைக் கத்திகள். எஃகு 52100. பால் பேரிங்குகளுக்குப் பேர்போன எஃகு அது. சுமார் 1 சதவீதம் கார்பன், 1.5 சதவீதம் குரோமியம். வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, மெல்லியதாக வைத்தாலும் தாங்கும், சாணைக்கும் எளிதாகப் படியும் என்பதால் பல கத்திக்காரர்களுக்குப் பிடித்தமானது. துருப்பிடிக்கும் என்பது ஒன்றுதான் குறை. அதனால் சிலர் ஸ்டெயின்லெஸ் கேட்பார்கள். அதையும் இவர் அதே மின் உலையில்தான் சூடாக்கினார்.

ஆர்டர் கொடுப்பவர் பாதிப் பணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். கத்தி கைக்கு வர எட்டு மாதம் ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்க ஆட்கள் இருந்தார்கள் என்பதே அவருடைய பெயருக்குச் சான்று.

கத்தி வாங்குகிறவர் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிந்தவை கொஞ்சம்தான்: பிடி இடைவெளியில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா, அலகின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்க்கப்பட்டிருக்கிறதா, முதுகு நேராக இருக்கிறதா. எஃகை எவ்வளவு சூடாக்கினார்கள், எண்ணெயில் எப்படித் தோய்த்தார்கள், பிறகு மிதமான சூட்டில் வைத்து எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதெல்லாம் வெளியே தெரியாது. கத்தி வெட்டுமா வெட்டாதா என்பதைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் அந்த மூன்றுதான். ஆக, அந்தப் பகுதிக்கு வாடிக்கையாளர் செய்பவரின் வாய்வார்த்தையை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காக மூன்றாம் வருடத்தில் பட்டறைக்காரர் ராக்வெல் கடினச் சோதனைக் கருவி ஒன்றை வாங்கினார். 120 டிகிரிக் கூம்பாகத் தீட்டிய வைரமுனையை 150 கிலோ சுமையில் எஃகின் மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து எண் சொல்லும் கருவி. எண் கூடினால் எஃகு கடினம். அன்றிலிருந்து ஒவ்வொரு கத்தியோடும் ஒரு சின்ன கார்டு போகும். எஃகின் பெயர், தேதி, அளந்த கடினம். பெரும்பாலும் 61 என்றே இருக்கும். வாடிக்கையாளர்களுக்கு அந்தக் கார்டு மிகவும் பிடித்துப்போனது. கத்தியைப் படமெடுத்து அனுப்பியவர்கள் கார்டையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள்.

அதற்கு முன்பு அவர் எல்லா அலகுகளையும் பித்தளைக் கம்பியில் சோதிப்பார். கம்பியை மேசையில் இறுக்கி, கூர்தீட்டிய வாயை அதன் மேல் சாய்த்து லேசாக அழுத்தி இழுக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கம்பி தொடும் இடத்தில் வாய் மெல்ல வளைந்து கொடுப்பது தெரியும். கம்பியைத் தாண்டியதும் நிமிர்ந்துகொண்டால் நல்லது. வளைந்தபடியே நின்றுவிட்டால் எஃகு மிருது. சில்லு பெயர்ந்தால் நொறுங்கும் எஃகு. வாயின் தடிமனைப் பொறுத்து முடிவு மாறும் என்பதால் இதை அறிவியல் சோதனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கருவி வந்த பிறகு இவர் கம்பியைக் கழற்றிவிட்டார். நேரம் மிச்சம், எண்ணும் கிடைக்கிறது, அப்புறம் எதற்கு என்று நினைத்தாராம்.

முதல் புகார்

உணவகம் ஒன்றில் வேலை செய்யும் சமையற்காரர் ஒருவர், கத்தி கைக்கு வந்த இரண்டாவது வாரம் படத்தோடு செய்தி அனுப்பினார். வாயில் மூன்று இடங்களில் அரைவட்டமாகச் சில்லு போயிருந்தது. மரப்பலகையில் காய்கறி மட்டுமே வெட்டியதாக எழுதியிருந்தார்.

பட்டறைக்காரர் அன்றே பதில் போட்டார். அந்தப் பதிலை நான் பார்த்தேன். மரியாதையாகத்தான் இருந்தது: "எலும்போ, உறைந்த இறைச்சியோ தெரியாமல் பட்டிருக்கலாம். உங்கள் கத்தியின் கடினம் 61, கார்டில் குறித்திருக்கிறேன். அனுப்பிவையுங்கள், இலவசமாகச் சாணை பிடித்துத் தருகிறேன்."

அனுபவப்பட்ட கத்திக்காரர் எவரும் முதலில் இப்படித்தான் யோசிப்பார். மெல்லிய வாய் வைத்த கத்தியில் சில்லு போனால், அழுத்தித் திருகியதோ கடினமான எதிலோ பட்டதோதான் வழக்கமான காரணம். இன்னொரு நியாயமான சந்தேகமும் அவருக்கு இருந்தது. பெல்ட்டில் கடைசிக் கூர் வைக்கும்போது வாய் சூடேறிக் கெட்டுப்போயிருக்கலாம். இரண்டு மூன்று தடவை சாணை பிடித்தால் கெட்ட பகுதி போய், அடியில் இருக்கும் நல்ல எஃகு வெளியே வந்துவிடும். அதனால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தேய்த்து, புதுக்கூர் வைத்துத் திருப்பி அனுப்பினார்.

கத்தி பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு மறுபடியும் சில்லு. இந்த முறை சமையற்காரர் எழுதிய செய்தி ஒரே வரி: "இப்பவும் எலும்புதான்னு சொல்வீங்களா?"

அடுத்த இரண்டு

பட்டறைக்காரர் அந்தச் செய்திக்கு நான்கு நாள் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியாததால்தான் என்கிறார், நம்புகிறேன். ஆனால் அந்த நான்கு நாளில் சமையற்காரர் தன்னோடு வேலை செய்பவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர்களில் இருவர் ஏற்கெனவே முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள். அவர்கள் இருவரும் ஒரே நாளில், "எங்கள் கத்தி எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்டு எழுதினார்கள். சிறிய தொழிலில் பேச்சு பரவுவதற்கு ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. வாங்குகிறவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒருவர் சொல்லித்தான் அடுத்தவர் வந்திருப்பார். பெயர் வந்த வழியாகவே கெட்ட பெயரும் போகும்.

அதே மாதத்தில் வீட்டுச் சமையலுக்கு வாங்கிய இருவர் தனித்தனியாக எழுதினார்கள். ஒருவருக்கு, கெட்டித் தோலுள்ள காயை வெட்டும்போது அலகின் குதிகாலுக்கு, அதாவது பிடியை ஒட்டிய முனைக்கு, பக்கத்தில் வாய் பெயர்ந்திருந்தது. இன்னொருவர் புகாராகக்கூட எழுதவில்லை. "முன்பு வாங்கிய கத்தி இப்படி ஆகவில்லையே, நான் சரியாகப் பிடிக்கவில்லையா?" என்றுதான் கேட்டிருந்தார். பட்டறைக்காரரை உலுக்கியது இந்தக் கேள்விதான். கேட்ட அந்த வாடிக்கையாளரிடம் மூன்று வருடத்துக்கு முன் செய்த கத்தியும் இருந்தது, புதியதும் இருந்தது. இரண்டும் ஒரே எஃகு, ஒரே கோணம், ஒரே கை, ஒரே பலகை. பழையதில் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்கு மறுநாள் என்னைக் கூப்பிட்டார். மூன்று கத்திகளின் கார்டுகளிலும் 61 என்று இருந்தது. முதல் வேலையாக என்னுடைய கருவியில், கடினம் முன்பே தெரிந்த சான்றுக் கட்டையால் கருவியைச் சரிபார்த்துக்கொண்டு அளந்தேன். 61, 61, 60.5. கார்டில் பொய் எதுவும் இல்லை.

உலையைச் சோதித்தபோது

விற்காமல் வைத்திருந்த ஒரு கத்தியைப் பலி கொடுக்க அவர் ஒத்துக்கொண்டார். முதலில் பித்தளைக் கம்பி. அலகை இழுத்ததும் சன்னமாகக் கறகறவென்று சத்தம் கேட்டது. கம்பியில் எஃகுத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பிறகு வைஸில் பிடித்து முனையை உடைத்தோம். கிட்டத்தட்ட வளையாமலே முறிந்தது. நன்றாகத் தோய்த்த 52100 முறிந்தால், முறிந்த முகம் மங்கிய சாம்பல் நிறத்தில், விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும். இதில் சர்க்கரையைக் கொட்டியதுபோல் மினுமினுப்பு தெரிந்தது. எஃகுக்குள் இருக்கும் படிகத் துகள் பருத்திருக்கிறது, அதாவது வேண்டியதைவிட அதிகம் சூடாகியிருக்கிறது.

உலையின் காட்சிப் பலகை காட்டும் வெப்பத்தைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. உப்பு 801 டிகிரி செல்சியஸில் உருகும். சின்ன இரும்புக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு உள்ளே வைத்து, பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்திப் பார்த்தோம். பலகை 740 காட்டும்போதே கிண்ணத்தில் இருந்தது தண்ணீர்போல் தெளிந்திருந்தது. பிறகு உலையின் வெப்பத்தை அளக்கும் உணரியான தெர்மோகப்பிளில் புதியது ஒன்றைப் பழையதற்குப் பக்கத்தில் நுழைத்து அளந்ததில் விஷயம் உறுதியானது. உலை தான் காட்டுவதைவிடச் சுமார் 60 டிகிரி அதிகச் சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் ஸ்டெயின்லெஸ் வேலை. 52100-ஐ ஏறத்தாழ 815 முதல் 845 டிகிரிக்குள் வைத்துத் தோய்த்தால் போதும். ஸ்டெயின்லெஸ் கத்தி எஃகுகளுக்கு 1050-ஐத் தாண்ட வேண்டியிருக்கும். உலையோடு வந்த ‘கே’ (K) வகைத் தெர்மோகப்பிள் அந்தச் சூட்டில் அடிக்கடி கிடந்தால் அதன் கம்பிகள் உள்ளுக்குள் ஆக்சைடாகி, உண்மையைவிடக் குறைவாகக் காட்ட ஆரம்பிக்கும். கட்டுப்பாட்டுக் கருவி அதை நம்பி, சூடு போதவில்லை என்று இன்னும் மின்சாரம் கொடுக்கும். ஒரே நாளில் நடப்பதல்ல இது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அதனால்தான் அவர் கவனிக்கவில்லை.

அப்படியானால் கடினம் ஏன் குறையவில்லை? பட்டறைக்காரருக்கு இதை நம்பவே சிரமமாக இருந்தது. அதிகச் சூட்டில் அதிகக் கார்பன் எஃகுக்குள் கரைகிறது. தோய்த்ததும் உருவாகும் அமைப்பு கடினமாக இருக்கும், ஆனால் தகடு தகடாக, எளிதில் விரிசல் விடும் வகையில் இருக்கும். கூடவே ஒரு பகுதி மாறாமல், சூட்டில் இருந்தபோதைய அமைப்பான ஆஸ்டெனைட்டாகவே தங்கிவிடும், அது மிருதுவானது. ஒன்று எண்ணை ஏற்ற, இன்னொன்று இறக்க, 190 டிகிரியில் இரண்டு முறை பதப்படுத்திய பிறகு கருவி பழைய 61-ஐயே காட்டும். வைரமுனை எவ்வளவு இறங்குகிறது என்பதை அது சரியாகச் சொல்கிறது. வாய் பெயருமா என்று யாரும் அதைக் கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1976-இல் தொடங்கிய, கத்தி அடிப்பவர்களின் சங்கமான அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் தேர்வில், விண்ணப்பிப்பவர் தன் கத்தியால் தொங்கவிட்ட ஓர் அங்குலத் தடிமனுள்ள கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். அதே கத்தியால் மரக்கட்டையை வெட்ட வேண்டும். அதற்குப் பிறகும் அது முடியை மழிக்க வேண்டும். கடைசியில் வைஸில் பிடித்து 90 டிகிரி வளைப்பார்கள், முறியக் கூடாது. கத்தி அதோடு போய்விடும். எஃகின் தாங்குசக்தியைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எதையாவது கெடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். விற்கப்போகும் கத்தியைக் கெடுக்காமல் கிடைக்கும் எண் என்பதால்தான் ராக்வெல் எண் கார்டில் ஏறுகிறது. வாங்குபவர் அதைத் தரத்துக்கான சான்று என்று படிக்கிறார். செய்தவரும் நாளடைவில் அப்படியே படிக்கத் தொடங்கியிருந்தார்.

எத்தனை கத்திகள்?

கட்டித் தயாராக இருந்த ஆறு பார்சல்களை அன்றே நிறுத்தினார். அது எளிய முடிவு. ஏற்கெனவே போனவற்றில் எவை கெட்டவை என்பதுதான் கடினம்.

அவரிடம் இரண்டு நோட்டுகள் இருந்தன. உலை நோட்டில் தேதி, எஃகு, எத்தனை அலகு, வைத்த வெப்பம். ஆர்டர் நோட்டில் பெயர், முகவரி, அனுப்பிய தேதி. எந்த அலகு எந்தத் தேதியில் உலைக்குள் போனது என்பதற்கு இரண்டிலும் பதில் இல்லை. கத்திகளில் எண் பொறிக்கவில்லை, முத்திரை மட்டும்தான். தோய்த்த அலகு பட்டறையில் மூன்று வாரமும் கிடக்கும், மூன்று மாதமும் கிடக்கும்.

அதோடு, பிழை எந்த நாளில் தொடங்கியது என்று சொல்லவும் முடியாது, அது மெல்ல வளர்ந்தது. நண்பர்களிடமும் உறவினர்களிடமும் இருந்த, வெவ்வேறு காலத்தில் செய்த கத்திகளை வாங்கிக் கம்பியில் இழுத்துப் பார்த்தார். ஒன்றரை வருடத்துக்கு முந்தையவை எல்லாம் நன்றாக வளைந்து நிமிர்ந்தன. ஒரு வருடத்துக்கு முந்தையது ஒன்று லேசாகச் சில்லு விட்டது. உலை நோட்டில் ஸ்டெயின்லெஸ் வேலை அதிகமான மாதங்களும் அதை ஒட்டியே வந்தன. கடைசியில் 14 மாதத்தில் கோடு போட்டார். அந்தக் காலத்தில் அனுப்பிய 52100 கத்திகள் 43. நல்லவையும் அதில் கலந்திருக்கும் என்று தெரிந்தேதான் அந்த எண்ணை எடுத்தார். குறுகலாகக் கோடு போட்டுப் பிறகு நீட்டுவதைவிட அகலமாகப் போட்டுவிடுவது மேல் என்பது என் கருத்தாகவும் இருந்தது. இரண்டாவது தடவை "இன்னும் சில கத்திகள்" என்று எழுத நேர்ந்தால் முதல் கடிதத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சொல்வதா, வேண்டாமா

கணக்கு வழக்குகளைப் பார்ப்பவர் அவருடைய மனைவி. அவர் கேட்டது: "கேட்காதவங்களுக்கு எதுக்குங்க நாமே போய்ச் சொல்லணும்?" இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 43 பேரில் மூன்று பேர்தான் எழுதியிருந்தார்கள். மென்மையாகக் கையாளும் வீட்டில் அந்தக் கத்தி சில்லே விடாமல் பல வருடம் ஓடலாம். எல்லோரும் திருப்பிக் கேட்டால் பட்டறையே மூடும் நிலை. வருகிறவர்களுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தால் போதாதா என்பது அவர் வாதம். பெரிய நிறுவனம் என்றால் இதைத்தான் செய்யும் என்று நானும் நினைத்தேன்.

பட்டறைக்காரர் வேறு முடிவுக்கு வந்ததற்கு இரண்டு காரணம் சொன்னார். முதலாவது, பெயர்ந்த சில்லு எங்கே போகிறது என்பது. சமையலறைக் கத்தியில் அது சாப்பாட்டுக்குள் போகும். இதற்குப் பிறகு மனைவி மறுத்துப் பேசவில்லை. இரண்டாவது, அந்தச் சமையற்காரர். அவரிடம் கார்டைக் காட்டி எலும்பு என்று சொன்னதைப்போல் இன்னும் எத்தனை பேரிடம் சொல்ல வேண்டிவரும், காரணம் தெரிந்த பிறகு அதை எந்த முகத்தோடு சொல்வது என்றார்.

உலையில் "பராமரிப்பு வேலை" நடப்பதாகச் சொல்லித் தாமதத்தை மட்டும் அறிவித்துவிட்டு, கத்திகளை ஒவ்வொன்றாக "இலவச சாணை" என்ற பெயரில் திரும்ப வரவழைக்கலாம் என்று ஒரு யோசனையும் ஒரு நாள் மாலை முழுக்க ஓடியது. இதை யார் சொன்னார்கள் என்பது இருக்கட்டும். ஆனால், ஏற்கெனவே ஒரு தடவை இலவசமாகச் சாணை பிடித்து அனுப்பி, அது தோற்றுப்போய், அதைத்தான் அந்தச் சமையற்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி. அதிகம் சூடான எஃகை முறைப்படி மறுபடி சூடாக்கி, துகளைச் சன்னமாக்கி, திரும்பத் தோய்க்கலாம். வெறும் அலகாக இருந்தால் அது சாதாரண வேலை. முடிந்த கத்தியில் பிடியைப் பிளந்து எடுக்க வேண்டும். தாள்போல் தேய்த்த வாய் எண்ணெயில் இறங்கும்போது கோணும், விரிசல் விடும். வாயை வெட்டித் தடிமனாக்கிக்கொண்டு செய்தால் கத்தியின் அகலம் சில மில்லிமீட்டர் குறையும். ஆகவே பெரும்பாலானவற்றுக்குப் புது அலகுதான் என்று முடிவானது.

கடிதம்

43 பேருக்கும் ஒரே கடிதம். முதல் வரைவில் தெர்மோகப்பிள், துகள், கார்பன் எல்லாம் இரண்டு பக்கம் இருந்தது. நான் அதைப் பாதியாக்கச் சொன்னேன். மனைவி இன்னும் பாதியாக்கினார். போன கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"என் உலை, காட்டியதைவிட அதிகமாகச் சூடாகியிருக்கிறது. அதனால் உங்கள் கத்தியின் வாய் எளிதில் சில்லு விடலாம். எல்லாக் கத்திகளும் கெட்டிருக்காது, ஆனால் உங்களுடையது எந்தப் பக்கம் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. கார்டில் உள்ள கடினம் சரிதான். இந்தக் குறையை அது காட்டாது. தயவுசெய்து சமையலுக்கு இப்போதைக்குப் பயன்படுத்த வேண்டாம். திருப்பி அனுப்பினால் புது அலகு செய்து தருகிறேன், அல்லது முழுப் பணமும் தருகிறேன். வைத்துக்கொள்ள விரும்பினால், எப்போது வேண்டுமானாலும் இதே வாக்கு பொருந்தும். அனுப்பும் செலவு என்னுடையது."

வருத்தம் தெரிவிக்கும் வரிகள் கீழே, சுருக்கமாக. கடிதம் தயாராகி இரண்டு வாரம் கழித்துத்தான் போனது. ஒரு வார்த்தையை மாற்றுவதும் திரும்ப மாற்றுவதுமாக அந்த நாட்கள் போயின. சமைத்துக்கொண்டிருக்கும் ஆட்களுக்கு அது இரண்டு வாரத் தாமதம்.

காத்திருந்த 26 பேருக்கு வேறு கடிதம். உலையில் நடந்ததைச் சொல்லி, எட்டு மாதம் என்பது இனி நடக்காது, முன்பணம் வேண்டுவோர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதினார். இங்கேதான் பணம் இடித்தது. அந்த முன்பணம் எதுவும் கையில் இல்லை. எஃகாகவும், பிடிக்கான மரமாகவும், வீட்டுச் செலவாகவும் போயிருந்தது. மனைவி அதைக் கணக்கில் கடன் பக்கத்தில்தான் எழுதிவந்திருக்கிறார்; இவர் வருமானமாக நினைத்துச் செலவழித்திருக்கிறார். ஆர்டரின் பேரில் செய்யும் கத்திக்காரர்கள் பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பழைய முன்பணம் கரைந்துவிட, புது முன்பணத்தை வாங்கிப் பழைய கத்தியைச் செய்வார்கள். ஏதாவது ஒரு மாதம் புது ஆர்டர் நின்றால் எல்லாம் ஒன்றாகச் சரியும். தொழிலில் கெட்ட பெயர் எடுத்தவர்களில் மோசமான கத்தி செய்து எடுத்தவர்களைவிட இப்படி எடுத்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவர் பெல்ட் கிரைண்டர்களில் ஒன்றை விற்றுக் கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு நடந்தவை

43 பேரில் 31 பேர் பதில் போட்டார்கள். 17 பேர் புது அலகு கேட்டார்கள், ஆறு பேர் பணம், எட்டுப் பேர் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். 12 பேரிடமிருந்து சத்தமில்லை. திரும்பி வந்த 23 கத்திகளையும் கம்பியில் இழுத்ததில் 15 சில்லு விட்டன, எட்டு தாங்கின. தாங்கியவற்றின் சொந்தக்காரர்களுக்கும் சொன்னபடியே செய்தார். புது அலகு கேட்டவர்களின் கத்திகளில் ஐந்தைத் திரும்பத் தோய்த்துக் காப்பாற்ற முடிந்தது, அகலம் குறைந்ததற்கு அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். மீதி எல்லாம் புதிது. நான்கு மாதத்தில் முடிப்பதாக நினைத்தார்; பதினொரு மாதம் ஆனது.

காத்திருந்தவர்களில் ஐந்து பேர் விலகினார்கள். அவர்களில் இருவர் எஃகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, இனியும் காத்திருக்க முடியாது என்றுதான் எழுதினார்கள். சமையற்காரரின் இரண்டு சகாக்களும் விலகவில்லை. எனக்கு அது ஆச்சரியம்தான்.

சமையற்காரர் பணத்தை வாங்கிக்கொண்டார், திரும்ப வரவில்லை. இந்தப் பதிவுக்காக அவரிடம் பேசியபோது சொன்னார்: "கத்தி உடையும், அது பெரிய விஷயமில்லை. நான் காய் வெட்டினேன்னு சொன்னேன். அவர் என்னை நம்பலை." கடிதத்தைப் படித்தாரா என்று கேட்டேன். படித்தேன், நேர்மையான கடிதம் என்றார். ஆனாலும் இன்னொருவரிடம்தான் கத்தி வாங்கியிருக்கிறார்.

யாரும் எதிர்பார்க்காத கோபம் ஒரு சேகரிப்பாளரிடமிருந்து வந்தது. அவரிடம் அந்தக் காலத்துக் கத்தி ஒன்று இருந்தது, அதை ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை. கடிதத்தால் தன் கத்தியின் மறுவிற்பனை மதிப்பு போய்விட்டது, இதையெல்லாம் வெளியே சொல்லியிருக்கவே கூடாது என்பது அவர் வாதம். புது அலகும் வேண்டாம், "அசல்" போய்விடும் என்றார். பணமும் வேண்டாம் என்றார். அவரைச் சமாதானப்படுத்த முடியவில்லை. ஒரே கத்தியைக் கருவியாக வாங்குகிறவருக்கும் பொருளாக வாங்குகிறவருக்கும் நேர்மை என்பது ஒரே மாதிரி பயன்படுவதில்லை. பட்டறைக்காரர் இரண்டாவது வகையினருக்காக முதல் வகையினரிடம் மறைக்க முடியாது என்று பதில் எழுதினார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

இப்போது மாற்றியிருப்பவை

உலையில் இரண்டு தெர்மோகப்பிள்கள். ஒன்று கட்டுப்பாட்டுக்கு, இன்னொன்று வெறும் சாட்சிக்கு. இரண்டும் பத்து டிகிரிக்கு மேல் வேறுபட்டால் அன்று வேலை நிற்கும். அதிகச் சூட்டில் ‘கே’ வகையைவிட நிலையாக நிற்கும் ‘என்’ (N) வகைக்கு மாறியிருக்கிறார். ஸ்டெயின்லெஸ் அலகுகளை என்னிடம் அனுப்பிவிடுகிறார். அது எனக்கு வரும்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு முறை உலை ஏற்றும்போதும் அதே எஃகின் ஒரு துண்டு கூடவே போகும். தோய்த்துப் பதப்படுத்திய பிறகு அதை உடைத்து, முறிந்த முகத்தைப் பார்த்து, எண் எழுதிப் பையில் போட்டு வைக்கிறார். பித்தளைக் கம்பி மேசைக்குத் திரும்பியிருக்கிறது. அலகின் வாலில், பிடிக்குள் மறையும் இடத்தில், உலை எண்ணும் கத்தி எண்ணும் பொறிக்கப்படுகின்றன. கார்டிலும் அதே எண். கடினத்தோடு, துண்டை உடைத்துப் பார்த்த தேதியும் இப்போது கார்டில் உண்டு. 61-ஐக் கார்டிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தார். வாடிக்கையாளர்கள் கேட்டதால் விட்டுவைத்தார்.

முன்பணம் இனி அலகைத் தேய்க்கத் தொடங்கும்போதுதான். வரிசையில் இடம்பிடிக்கப் பணம் கிடையாது. இதனால் சிலர் இடம்பிடித்துவிட்டுக் கடைசியில் வாங்காமல் போகிறார்கள். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்கிறார்.

புகார் வந்தால் முதல் பதில் "அனுப்பிவையுங்கள், பார்க்கிறேன்" என்பது மட்டும். எதை வெட்டினீர்கள் என்ற கேள்வி, கத்தி கைக்கு வந்து கம்பியில் இழுத்த பிறகுதான். தவறாகப் பயன்படுத்தியவர்களும் இதனால் பயனடைவார்கள். ஒருவர் தகர டப்பாவைத் திறந்த கத்தியை அனுப்பிவைத்தார். அதற்கும் சாணை பிடித்துக் கொடுத்துவிட்டு, பிறகுதான் டப்பாவைப் பற்றி எழுதினார்.

இப்போது திரும்பிப் பார்த்தால் நான் மாற்றியிருப்பது ஒன்றுதான். "பயன்படுத்த வேண்டாம்" என்ற ஒரு வரியை, காரணம் உறுதியான அன்றே 43 பேருக்கும் தொலைபேசியில் சொல்லச் சொல்லியிருப்பேன். விளக்கமும் மாற்று ஏற்பாடும் இரண்டு வாரம் கழித்து வந்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

பதில் போடாத 12 பேரில் ஒருவருடைய கத்தி சமீபத்தில் பட்டறைக்கு வந்தது. அனுப்பியவர் அதைப் பழையதாக வாங்கியவர். கடிதத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. வாய் இரண்டு இடத்தில் பெயர்ந்திருந்தது. வாக்கு கத்திக்கா, முதலில் வாங்கியவருக்கா என்று கடிதத்தில் எழுதியிருக்கவில்லை. கத்திக்குத்தான் என்று முடிவெடுத்து, புது அலகு செய்து அனுப்பினார். பணமாகக் கேட்டால் பழைய விலையா, அந்த ஆள் கொடுத்த விலையா என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை. மீதி 11 கத்திகள் எங்கோ பயன்பாட்டில் இருக்கின்றன.